பழைய டிடிபி கோப்புகளை மொத்தமாக யூனிகோடுக்கு மாற்றிப் பகிர்தல்

மதுரையிலிருந்து பிரிந்து தேனி தனி மாவட்டமானது 1997-இல். தமிழ்நாட்டின் சிறு நகர அச்சகங்களில் ஈய எழுத்துகள் மூலைக்குப் போய், அவை இருந்த மேசையில் கணினி வந்து உட்கார்ந்ததும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான். கோயில் விழா மலர், பள்ளி ஆண்டு மலர், ஏலக்காய் வியாபாரிகளின் சங்க அறிக்கை, உள்ளூர்க் கவிஞர் சொந்தக் காசில் போட்ட கவிதைத் தொகுப்பு, வாய்க்கால் பாசனச் சபையின் தீர்மானங்கள் என்று கூடலூரிலிருந்து ஆண்டிப்பட்டி வரை டிடிபி கடைகளில் அடித்தவை எல்லாம் முதலில் ஃபிளாப்பியிலும் பிறகு சிடியிலும் போய்ச் சேர்ந்தன. அச்சான பிரதிகளில் பல இன்று யாரிடமும் இல்லை. கரையானுக்குப் போனது போக, பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போனது போக, மிஞ்சியது அந்தக் கோப்பு மட்டும்தான்.

அந்தக் கோப்பை இன்றைய கணினியில் திறந்தால் தமிழ் தெரியாது. அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்துமாகக் கலந்து கிடக்கும். பெரும்பாலோர் அதைப் பார்த்ததும் 'கெட்டுப் போச்சு' என்று அழித்துவிடுகிறார்கள். கெட்டுப் போகவில்லை. பெரும்பாலான கோப்புகளில் ஓர் எழுத்துகூட தொலையாமல் தமிழ் உள்ளேயே இருக்கிறது. அதை ஒவ்வொன்றாக இல்லாமல் நூற்றுக்கணக்கில் ஒரே மூச்சில் மீட்பது எப்படி என்பதே இந்த அத்தியாயம்.

தமிழ் ஏன் ஆங்கிலமாகத் தெரிகிறது

'தேனி' என்ற சொல்லைப் பாமினி எழுத்துருவில் அடிக்க நான்கு விசைகள் வேண்டும்: பெரிய எழுத்து என், பிறகு சிறிய ஜே, டி, பி. கணினி சேமித்து வைத்தது அந்த நான்கு ஆங்கில எழுத்துகளைத்தான். பாமினி எழுத்துரு கணினியில் இருந்தவரை, என் இருந்த இடத்தில் ஏகாரக் கொம்பும், ஜே இருந்த இடத்தில் தகரமும் திரையில் தெரிந்தன. எழுத்துருவை எடுத்துவிட்டால் வேடம் கலைந்து ஆங்கிலம் தெரிகிறது. 'கம்பம்' என்றால் எஃப், கே, அரைப்புள்ளி, ஜி, கே, அரைப்புள்ளி. அதனால்தான் பாமினிக் கோப்புகள் முழுக்க அரைப்புள்ளி மயமாக இருக்கின்றன. மெய்யெழுத்தின் புள்ளி அங்கே அரைப்புள்ளியாக உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பாமினியில் ஏகாரக் கொம்பு முதலில் வருகிறது, தகரம் அடுத்து வருகிறது. கண்ணுக்குத் தெரியும் வரிசை அது. யூனிகோடில் தகரம் முதலில், கொம்பு பிறகு. ஒகரத்தில் சிக்கல் இன்னும் கூடும். 'கொ' பழைய எழுத்துருவில் கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டு. யூனிகோடில் ககரமும் ஓர் ஒகரக் குறியும் என்று இரண்டே. நல்ல மாற்றி முதலில் மூன்று துண்டுச் சேர்க்கைகளை மாற்றிவிட்டு, அதன் பிறகே இரண்டு துண்டுகளுக்குப் போக வேண்டும். இந்த வரிசை தப்பினால் 'கொடி' பார்வைக்குச் சரியாகத் தெரிந்தாலும், உள்ளே 'கெ'யும் தனிக் காலுமாக இரண்டு துண்டாகப் பதிந்திருக்கும். மாற்றியைச் சோதிக்க 'கொடுக்கும் கோயில்' என்று அடித்து மாற்றி, வந்த சொற்கள் தேடலில் அகப்படுகின்றனவா என்று பாருங்கள். தரம் உடனே தெரிந்துவிடும்.

ஏன் இத்தனை வகை என்ற கேள்விக்குச் சுருக்கமான பதில்: அன்று தமிழுக்கு எல்லாரும் ஏற்ற ஒரே தரம் இல்லை, ஆர்வம் மட்டும் பல நாடுகளில் இருந்தது. கனடாவில் சீனிவாசன் 1984-இல் ஆதமியைச் செய்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் முரசைத் தொடங்கினார். சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரத்தின் மயிலை வந்தது, சிங்கப்பூரிலிருந்து நா. கோவிந்தசாமியின் கணியன் வந்தது. ஒவ்வொருவரும் எழுத்துகளைத் தமக்கு வசதியான இடத்தில் வைத்தார்கள். இந்திய நிறுவனங்களின் ஸ்ரீலிபி, வானவில் போன்றவை தனி வழி போயின. நாளிதழ்களும் வார இதழ்களும் தத்தமக்கென ஒன்றை வைத்துக்கொண்டன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு டேப், டேம் என்ற இரண்டு குறியீடுகளை ஏற்றது. உலகத் தமிழர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து டிஸ்கி என்ற ஒன்றை உருவாக்கினார்கள். யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தும், விண்டோஸ் 2000 வந்த பிறகே அது சாதாரண மேசைக்கு எட்டியது. டிடிபி கடைகள் அதன் பிறகும் பல ஆண்டுகள் பழைய எழுத்துருவிலேயே இருந்தன, ஏனென்றால் பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது.

முதலில் நகல்

மாற்றத் தொடங்கும் முன் வட்டில் இருப்பதை அப்படியே நகலெடுங்கள். 3.5 அங்குல ஃபிளாப்பிக்கு யூஎஸ்பியில் சொருகும் டிரைவ் இன்றும் கிடைக்கிறது. சொருகும் முன் மூலையில் உள்ள சின்னத் தாழ்ப்பாளை நகர்த்தி ஓட்டை திறந்திருக்கும்படி வையுங்கள். அப்போதுதான் கணினியால் அதில் எதையும் எழுத முடியாது. பழைய 5.25 அங்குல வட்டுக்கு நேர்மாறு: பக்கவாட்டு வெட்டை ஒட்டுத்தாளால் மூட வேண்டும். அதற்கான டிரைவ் யூஎஸ்பியில் சொருகும் வகையில் கிடைப்பதில்லை, பழைய கணினியோ தனிப் பலகையோ வேண்டும்.

மழைக்காலத்தில் கம்பம் பள்ளத்தாக்கின் ஈரம் வட்டுகளுக்கு ஆகாது. உலோக மூடியை மெல்ல விலக்கிப் பாருங்கள். உள்ளே வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் பூஞ்சை. அதை டிரைவில் போட்டால் வட்டும் போகும், படிக்கும் முனையும் அழுக்காகி அடுத்த வட்டையும் கீறும். அப்படிப்பட்டதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு நல்லவற்றை முதலில் முடியுங்கள்.

கோப்புகளை இழுத்துப் போட்டு நகலெடுப்பதைவிட முழு வட்டின் பிம்பத்தை எடுப்பதே மேல். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற கருவி படிக்க முடியாத இடங்களைத் தாண்டிப் போய், நல்ல பகுதியை முதலில் காப்பாற்றி, பிறகு திரும்பி வந்து முயலும். பிழையில்லாத 1.44 எம்பி வட்டின் பிம்பம் சரியாக 14,74,560 பைட் இருக்கும். அந்த எண்ணுக்குக் குறைந்தால் முழுதாக வரவில்லை என்று பொருள். இந்த மூலப் பிம்பத்தில் இனி யாரும் கை வைக்கக் கூடாது. எல்லா வேலையும் அதன் நகலில்தான்.

வகை பிரிப்பதில்தான் வேகம்

மாற்றும் கருவி வேகமாக இருந்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். கருவி எதுவானாலும் ஒரு மலரின் மொத்த எழுத்தையும் சில நொடிகளில் மாற்றிவிடும். அதற்குள் இருப்பது ஓர் அட்டவணை மட்டுமே. நேரம் போவது வேறிடத்தில்: ஒரு கோப்பைத் திறந்து, எந்த எழுத்துரு என்று ஊகித்து, வலைப்பக்கத்தில் ஒட்டி, தப்பாக வந்து, மறுபடி வேறொன்றைத் தேர்ந்து பார்ப்பதில். ஆகவே முதல் வேலை கோப்புகளை எழுத்துரு வாரியாக அடைவுகளில் பிரிப்பது.

வேர்டு, பேஜ்மேக்கர் கோப்புகளில் எழுத்துருவின் பெயர் உள்ளேயே பதிந்திருக்கும். அதைவிட நல்ல சாட்சி இல்லை. பெயர் டிஎஸ்சி என்று தொடங்கினால் டிஸ்கி. டேப், டேம் என்று தொடங்கினால் அந்தந்தக் குறியீடு. பெயர் இல்லாத வெறும் எழுத்துக் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். சாதாரண ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருந்தால் பாமினி வகை. தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்து, இடையிடையே ஆங்கிலச் சொற்கள் மட்டும் ஒழுங்காகப் படிக்க முடிந்தால் டிஸ்கி அல்லது டேப். இவை இரண்டும் ஆங்கிலத்தின் இடத்தை விட்டுக்கொடுத்து மேல் பாதியில் மட்டும் தமிழை வைத்தவை. ஆங்கிலச் சொல்லே உருப்படியாக இல்லாமல் ஐரோப்பிய எழுத்து நிறைந்திருந்தால் டேமோ நிறுவனங்களின் சொந்தக் குறியீடோ.

பாமினி ஆங்கில எழுத்தின் மேலேயே உட்கார்ந்தது ஒரு வகையில் அதற்கு நல்லதாகவே முடிந்தது. அன்றைய மின்னஞ்சல் வழித்தடங்களில் பல ஏழு பிட்டுகளை மட்டுமே கடத்தின, எட்டாவதை வெட்டிவிட்டன. டிஸ்கி போன்றவை அதில் சிதைந்து போய்ச் சேர்ந்தன, பாமினி தப்பியது. இந்தச் சிதைவைத் தவிர்க்கத்தான் 1980-இல் யூயூஎன்கோடும் பிறகு பேஸ்64-உம் வந்தன: மூன்று பைட்டை எடுத்து, எந்த வழித்தடமும் வெட்டாத நான்கு எழுத்துகளாக எழுதி அனுப்புவது. பழைய அஞ்சல் சேமிப்பில் ஒரே நீளமுள்ள வரிகளாகப் பொருளற்ற எழுத்துகள் அடுக்கிக் கிடந்தால் அவற்றைத் தமிழ் மாற்றியில் போடாதீர்கள். முதலில் அந்த உறையைப் பிரிக்க வேண்டும், தமிழ் அதற்குள்ளே இருக்கிறது.

பேஜ்மேக்கர் கோப்புக்கு ஒரு வழி சொல்கிறேன், ஏனென்றால் டிடிபி கடைச் சேமிப்பில் அதுதான் அதிகம். இன்டிசைன் சிஎஸ்6 வரை பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும், அதற்குப் பிந்தைய பதிப்புகள் திறக்காது. பழைய இன்டிசைன் கைவசம் இல்லாதவர்கள் காசில்லாமல் கிடைக்கும் லிப்ரேஆபிஸை முயலுங்கள். 2015-இல் வந்த 4.4 பதிப்பிலிருந்து அதற்குப் பேஜ்மேக்கரைப் படிக்கத் தெரியும். பக்க அமைப்பு கொஞ்சம் கலையலாம். நமக்கு வேண்டியது எழுத்து, அது வந்துவிடும்.

மாற்றி

ஒன்றிரண்டு பக்கம் மட்டும் இருந்தால் சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி போதும். பழைய எழுத்தை ஒட்டி, எழுத்துருவைத் தேர்ந்தால் யூனிகோடு கிடைக்கும். சென்னை நியூ ஹொரைசன் மீடியா இலவசமாகத் தந்த என்எச்எம் கன்வெர்ட்டர் விண்டோஸில் பலருக்குப் பழக்கமானது. நூற்றுக்கணக்கில் கோப்பு இருந்தால் என் பரிந்துரை ஓப்பன்-தமிழ். முத்து அண்ணாமலை முன்னின்று பலரும் சேர்ந்து வளர்த்த பைத்தான் நூலகம் இது. அருளாளன் எழுதிய மாற்றிப் பகுதி அதில் சேர்ந்திருக்கிறது. பாமினி, டிஸ்கி, டேப், டேம், அஞ்சல், மயிலை தவிர தினமணி, தினத்தந்தி, பழைய விகடன் போன்ற இதழ்களின் எழுத்துருக்களுக்கும் அட்டவணை வைத்திருக்கிறது. கட்டணம் இல்லை, இணையம் இல்லாமலும் ஓடும், மூல நிரல் திறந்தே இருப்பதால் விடுபட்ட எழுத்தை நாமே சேர்க்கலாம்.

நிரல் என்றதும் தயங்க வேண்டாம். ஓர் அடைவில் உள்ள எல்லாக் கோப்பையும் வரிசையாகத் திறந்து, மாற்றி, வேறு அடைவில் அதே பெயரில் எழுத வேண்டும்; கணினி அறிவியல் படிக்கும் மாணவர் பத்துப் பதினைந்து வரியில் எழுதிக் கொடுத்துவிடுவார். உங்கள் தெருவில் ஒருவர் நிச்சயம் இருப்பார். அவரிடம் மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்: மூலக் கோப்பின் மேல் எழுதக் கூடாது, வெளியீடு யூடிஎஃப்-8 ஆக இருக்க வேண்டும், கடைசியில் என்எஃப்சி முறையில் ஒழுங்குபடுத்த வேண்டும். இந்த மூன்றாவது, ஒகரம் இரண்டு துண்டாகப் பதிந்திருந்தால் ஒன்றாக்கிவிடும். இல்லையென்றால் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் 'கொ' தேடலில் அகப்படாது.

குறியீட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதியும் ஓப்பன்-தமிழில் உண்டு. ஒவ்வொரு குறியீட்டுக்கும் மட்டுமே உரிய எழுத்துச் சேர்க்கைகளைத் தேடி முடிவு செய்கிறது. நீண்ட கட்டுரைக்கு இது சரியாக வரும். நாலு வரிக் கல்யாணப் பத்திரிகையை வைத்து முடிவெடுக்க அதற்குப் போதிய சான்று இருக்காது; அங்கே நீங்களே சொல்லிவிடுங்கள்.

மாற்றிய பிறகு

இங்கேதான் பொறுமை வேண்டும், உள்ளூர் அறிவும் வேண்டும். வீரபாண்டிக் கோயில் மலர் ஒன்றை மாற்றினால் அம்மன் பெயர் பெரும்பாலும் இப்படி வரும்: கெளமாாியம்மன். பார்வைக்குச் சரியாகவே தெரியும். ஆனால் 'கௌமாரியம்மன்' என்று தேடினால் கிடைக்காது. ஒரே சொல்லில் இரண்டு பிழை.

இரண்டாவதை முதலில் பார்ப்போம். தட்டச்சுப் பழக்கத்தில் வந்தவர்கள் 'ரி' என்பதற்குக் காலும் இகரக் கொக்கியும் அடித்தார்கள், 'ர்' என்பதற்குக் காலும் புள்ளியும் அடித்தார்கள். தாளில் வேறுபாடு தெரியாது. நம் ஊர்ப் பெயர்களுக்கு இதனால் வரும் சேதம் பெரியது: கூடலூா், சின்னமனூா், போடிநாயக்கனூா், ஏாி, எல்லாமே உடையும். நல்ல செய்தி என்னவென்றால், காலுக்குப் பின் புள்ளியோ இகரமோ ஈகாரமோ தமிழில் எங்கும் வர முடியாது. ஆகவே கால்-புள்ளியை 'ர்' ஆகவும், கால்-இகரத்தை 'ரி' ஆகவும், கால்-ஈகாரத்தை 'ரீ' ஆகவும் கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக மாற்றலாம். ஒரு தவறும் நேராது.

முதல் பிழைக்கு அப்படிச் செய்ய முடியாது. பழைய எழுத்துருக்களில் ஔகாரத்தின் பின்பாதியும் ளகரமும் ஒரே வடிவம். 'கௌ' என்பதைக் கொம்பு, ககரம், ளகரம் என்றே அடித்தார்கள்; மாற்றிக்கு எது எது என்று தெரிய வழியில்லை. எல்லாவற்றையும் ஔகாரமாக்கினால் வெள்ளமும் தெளிவும் கெடும். ஒரு விதி பெரும்பாலும் உதவும்: எகரத்துக்குப் பின்வரும் ளகரத்தின் மேல் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் விட்டுவிடுங்கள், வெறும் ளகரமாக நின்றால் ஔகாரமாக்குங்கள். கௌரவம், பௌர்ணமி, சௌகரியம், வௌவால் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் நம் பக்கத்துப் பேச்சில் எழுதிய கதையிலும் கும்மிப் பாட்டிலும் 'நெல்லு வெளஞ்சது', 'வெளக்கு வச்சா' என்று வரும். அங்கே ளகரம் வெறுமனேதான் நிற்கும், அது ளகரமேதான். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் விளையும் மண்ணின் மலரில் இந்தச் சொல் குறைவாக இராது. எனவே இந்த மாற்றத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தே ஒப்புக்கொள்ளுங்கள். நேரம் எடுக்கும், எடுக்கட்டும். 'ஒளவை' என்று வருவதை 'ஔவை' ஆக்குவதும் இதே பார்வையில்.

பாமினிக்கே உரிய ஒரு பொறி உண்டு. அதில் காற்புள்ளி விசையில் 'இ' இருக்கிறது; காற்புள்ளிக்கு வேறு விசை. வரவு செலவுப் பகுதியை ஆபரேட்டர் ஆங்கில எழுத்துருவுக்கு மாறி அடித்திருந்தால், எழுத்துருத் தகவல் போனபின் ரூ. 1,500 என்பது ரூ. 1இ500 ஆகிவிடும். இரண்டு எண்களுக்கு நடுவே நிற்கும் 'இ' எல்லாம் காற்புள்ளி என்று மாற்றிவிடலாம். அதே காரணத்தால் ஆங்கிலப் பெயர்களும் முன்னெழுத்துகளும் பொருளற்ற தமிழாக மாறியிருக்கும். அவற்றுக்கு அச்சுப் பிரதியோ பழைய எழுத்துருவில் திறந்த திரையோ பார்த்துக் கையால் அடிப்பது தவிர வழியில்லை. பழைய எழுத்துருக் கோப்புகளைத் தூக்கி எறியாமல் கூடவே வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

'ஸ்ரீ' பற்றி ஒரு வரி. யூனிகோடில் இது ஸகரத்தோடும் எழுதப்படுகிறது, 2005-இல் சேர்ந்த ஶகரத்தோடும் எழுதப்படுகிறது. திரையில் ஒன்றுபோலவே இருக்கும். பத்திரிகைக்குப் பத்திரிகை இது வரும் ஆகையால், தொகுப்பு முழுவதற்கும் ஏதாவது ஒன்றை முடிவு செய்து அதையே வையுங்கள்.

கட்டிக் கொடுப்பது

யூடிஎஃப்-8-இல் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் ஆகும். நான்கு பைட்டில் இருந்த 'தேனி' பன்னிரண்டு பைட்டாகும். கோப்பு மும்மடங்கு பெருத்துவிட்டதே என்று பழைய எழுத்துருவிலேயே அனுப்ப நினைக்காதீர்கள். தமிழ்க் குறிகள் எல்லாவற்றுக்கும் முதல் பைட் ஒன்றே. ஜிப் செய்யும்போது அந்தத் திரும்பத் திரும்ப வரும் பகுதி சுருங்கிவிடும்.

ஒரு மலருக்கு ஒரு ஜிப். அதற்குள் மூலக் கோப்பு, யூனிகோடு எழுத்துக் கோப்பு, அச்சுப் பிரதி இருந்தால் அதன் ஸ்கேன், எந்த ஊர், எந்த ஆண்டு, எந்த எழுத்துரு, என்னென்ன திருத்தினோம் என்ற அரைப் பக்கக் குறிப்பு. கோப்புப் பெயரை மட்டும் ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் வையுங்கள். பழைய ஜிப் நிரல்கள் தமிழ்ப் பெயரைச் சிதைக்கின்றன. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆவணமாக அனுப்புங்கள். ஸ்கேனைப் படமாக அனுப்பினால் அது தரத்தைக் குறைத்துவிடும். மின்னஞ்சல் இணைப்புகள் இன்றும் பேஸ்64 உறையில்தான் போகின்றன, மூன்றுக்கு நான்கு என்ற கணக்கு மாறவில்லை. 25 எம்பி வரம்புள்ள அஞ்சலில் 18 எம்பிக்கு மேல் வைக்காதீர்கள்.

எல்லாரும் படிக்கும்படி வைக்க இணைய ஆவணகம் இருக்கிறது, விக்கிமூலம் இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தொடக்கக் கால எழுத்துருக்களில் அடித்தவற்றை டிஸ்கிக்கும் பிறகு யூனிகோடுக்கும் மாற்றிக்கொண்டே வந்ததால்தான் அதன் சங்க நூல்கள் இன்றும் தேடலில் வருகின்றன. ஆனால் பொதுவில் வைக்கும் முன் உரிமையைப் பாருங்கள். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுவரை பதிப்புரிமை உண்டு. 1990-களின் கவிதைத் தொகுப்புக்குக் கவிஞரோ குடும்பத்தாரோ எழுத்தில் இசைவு தர வேண்டும். டிடிபி கடைக்காரரிடம் கோப்பு இருக்கிறது என்பது உரிமை ஆகாது. கல்யாணப் பத்திரிகை, நன்கொடையாளர் முகவரி, தொலைபேசி எண் உள்ள பக்கங்களை மாற்றி உரியவரிடம் கொடுங்கள், வெளியே விடாதீர்கள்.

ஊரில் பழைய அச்சகமோ டிடிபி கடையோ மூடப்போவதாகக் கேள்விப்பட்டால் அன்றைக்கே போய்ப் பேசுங்கள். கணினியைக் காயலான் கடைக்குப் போடும் முன் ஹார்டு டிஸ்க்கையும் வட்டுப் பெட்டியையும் ஒரு நாள் இரவல் கேளுங்கள். மாற்றுவதை அடுத்த மாதம் செய்யலாம், அடுத்த ஆண்டும் செய்யலாம். நகலெடுப்பதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.